தேங்காயும் பிஸ்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அந்தமான் சுற்றுலா போய் வந்த என் தம்பி மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டான். பஸ் ஜன்னல் வழியாக எடுத்தது. ரோட்டோரம் இரண்டு ஜாரவா மக்கள். "பாருங்கத்தை, ஆதிவாசி!" என்று எழுதியிருந்தான். அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், அழித்துவிடு சாமி என்றேன். அழித்துவிட்டான், நல்ல பையன்.

இதைப் பற்றி இங்கே நாலு வரி எழுதினேன். உடனே என் பழைய மாணவர் ஒருவர், "படிப்புதான் எல்லாம்னு சொல்லிக் கொடுத்தீங்களே டீச்சர், சென்டினல் தீவு மக்களுக்கு மட்டும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டாமா?" என்று கேட்டார். முப்பது வருசத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு இது சுருக்கென்று குத்தும் கேள்விதான்.

வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்பதே என் பதில். 1880-இல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நாலு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துக்கொண்டு போனார். பெரியவர்கள் இருவரும் நோய் கண்டு இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருளோடு தீவில் திரும்ப விட்டார். அந்தக் குழந்தைகள் வீட்டுக்கு என்ன நோயைக் கொண்டு போனார்களோ, யாருக்கும் தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கியும் ஒருவர் அம்பைக் குறிவைத்தார். 2018-இல் மதம் பரப்பப் போன அமெரிக்க இளைஞர் உயிரையே விட்டார். இதற்கு மேல் எப்படிச் சொல்வார்கள்? 1991-இல் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற மானுடவியலாளர் போன குழுவிடம் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டதும் உண்மை. தேங்காய் வாங்கினார்கள், வீட்டுக்குள் வா என்று கூப்பிடவில்லை. பிறகு அரசாங்கமே அந்தப் பயணங்களை நிறுத்திக்கொண்டது.

நல்ல மனசோடு போனால் கெடுதல் வராது என்பீர்கள். ஜாரவா கதையைக் கேளுங்கள். 1996-இல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா பையனைத் தூக்கி வந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் குணமாக்கி அனுப்பினார்கள். அதில் யாரைக் குறை சொல்ல முடியும்? அடுத்த ஆண்டே அவர்கள் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-இல் தட்டம்மை பரவியது. 2012-இல், சாப்பாட்டுக்காக ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. கிரேட் அந்தமானியர்கள், வெள்ளைக்காரன் 1858-இல் குடியேறியபோது ஐந்தாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இன்று ஐம்பது பேர் அளவில்தான். போ என்ற மொழியைப் பேசிய கடைசிப் பாட்டி 2010-இல் இறந்துபோனார். அவருக்குப் பள்ளிக்கூடம் கட்டி என்ன செய்ய?

நம் பக்கத்துக்கு வருகிறேன். ஆனைமலைக் காடர்கள் சென்டினல் மக்களைப் போல ஒதுங்கி வாழ்பவர்கள் இல்லை. ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு. அவர்கள் வாய் திறந்து கேட்கவும் செய்கிறார்கள். 2019 மழையில் மண் சரிந்து கல்லார்குடிக் காடர்கள் வீடிழந்தார்கள். தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டார்கள். 2006-லேயே வன உரிமைச் சட்டம் வந்தும், அதற்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது. கேட்பவர்களுக்குக் கையளவு நிலம் தர இத்தனை தயக்கம். வேண்டாம் என்பவர்களிடம் போக மட்டும் படகு தயார். எனக்கு இது விளங்கவில்லை.

இப்போது என் விஷயம். ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில் உங்களைச் சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? யானை பார்த்துவிட்டு ஒரு காடர் குடியிருப்புக்குள் நுழைந்தோம். யாரிடமும் கேட்கவில்லை. குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து பிஸ்கட் கொடுத்தேன். "ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்றேன். ஒரு சின்னப் பொண்ணு பாடினாள், நீங்கள் கை தட்டினீர்கள். அவளுடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது. 2012 வீடியோவைப் பார்த்த ராத்திரி அந்த அம்மாவின் முகம்தான் வந்தது.

அடுத்த மாதம் நீங்கள் எல்லாரும் ஒன்று கூடும்போது காட்டுவதற்காக அந்தச் சுற்றுலா போட்டோவை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். யானை முன்னால் எடுத்ததை அனுப்புகிறேன். இன்னொன்று, அந்தப் பொண்ணு பிஸ்கட்டோடு நிற்கும் படம், என் பீரோவில் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன்.