சுருங்கை

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் என் கவிதை ஒன்றை வாசித்தேன். அதில் வருகிற 'சாக்கடை' கொச்சை என்றார் ஒரு தமிழாசிரிய நண்பர். நம் முன்னோர் 'சுருங்கை' என்ற சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்க, நான் தெருச்சொல்லைப் பொறுக்கி வந்திருக்கிறேனாம். சுருங்கிய வழி, ஆகவே சுருங்கை, தூய தமிழ், நிலத்தடி வடிகால் கண்ட இனம் நாம் என்று தொடர்ந்தார். கைதட்டல் கிடைத்தது. என் கவிதைக்குக் கிடைத்ததைவிட அதிகம் என்பது வேறு விஷயம்.

சிலப்பதிகாரத்தில், ஊர்காண் காதையில், கோவலன் மதுரைக்குள் போவது யானை நிரைகள் போய்வரும் சுருங்கை வீதியின் பக்கமாக. யானைகள் நிரையாகப் போகிற வழி எந்தக் கணக்கில் சுருங்கியது? நம் பண்டிதர்களுக்குக் காது இருக்கிறது. ஓசை ஒத்தால் வேர் அகப்பட்டுவிட்டது. சொல்லின் வரலாறு வேறு. கிரேக்கத்தில் 'ஸிரிங்க்ஸ்' என்றால் குழல். இடையன் ஊதுவதும் அதுதான், நிலத்துக்கடியில் தோண்டுகிற குடைவழியும் அதுதான். ஸம்ஸ்கிருதத்தில் அது 'ஸுருங்கா' ஆகி, அர்த்தசாஸ்திரத்தில் இடம்பிடித்து, நம்மிடம் சுருங்கையாகவும் சுரங்கமாகவும் வந்து சேர்ந்தது. டாக்டர் கையிலிருக்கும் சிரிஞ்சு இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சிலம்பில் சுருங்கை வீதிக்கு அடுத்த அடியிலேயே வாள் பிடித்த யவனர் மதில் வாயிலில் நிற்கிறார்கள். இளங்கோவுக்கு இல்லாத கூச்சம் நண்பருக்கு.

ஆனால் என் சண்டை வேரைப் பற்றியது மட்டுமல்ல. மணிமேகலையின் 28-வது காதையைப் பெருமையோடு சுட்டினாரே, அதையும் பார்ப்போம். வஞ்சி நகரத்துச் சுருங்கைத் தூம்பு வழியே அகழிக்குப் போகும் நீர் என்னென்ன என்று சாத்தனார் அடுக்குகிறார். பெண்கள் கூந்தல் கழுவிய நீர், வாவியில் ஆடியவர்களின் சந்தனம் கரைந்த நீர், அரசனின் நன்னாளில் சிதறிய மணநீர், மாதவர் பாதம் கழுவிய நீர். கடைசியில் அகழியிலிருக்கும் முதலைக்கும் மீனுக்கும் புலால் நாற்றமே போய்விடுகிறது! ஒரு நகரத்தின் கழிவு முழுக்க வாசனை. அடுப்படி இல்லை, கக்கூஸ் இல்லை. தூம்பு அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குகிறவன் இல்லவே இல்லை. காவிய மரபு அப்படி, சாத்தனாரைக் குறை சொல்லவில்லை. அதை நகராட்சி அறிக்கையாகப் படித்துப் பெருமைப்படுகிற நம் காலத்து மூளையைச் சொல்கிறேன்.

இறங்குகிறவன் சொல்லுக்குள் வந்தது பிறகுதான். 'ஆள்நுழைவுக் குழி' என்கிறது அரசுத் தமிழ். 'பாதாளச் சாக்கடை'யின் பாதாளம் வடமொழி என்று கொதிப்பவர்களில் ஒருவர்கூட இந்த 'ஆள்' ஏன் இங்கே நிற்கிறான் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கையால் மலம் அள்ளுவதற்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்தது, போதாதென்று 2013-இல் இன்னொன்று. சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் உரை, 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆகும் என்று அறிவித்தது. அரசுக்கும் நம் நண்பரைப் போலவே சொல்மாற்றத்தில் நம்பிக்கை. அதே வருஷம் அக்டோபரில் அதே நீதிமன்றம் சாவின் தொகையை முப்பது லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது.

நண்பர் என் கவிதையைச் சரியாகத் தாக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். 'அரசியல் சாக்கடை' என்று எழுதியிருந்தேன். எந்தத் தெருவிலும் ஓடாத சாக்கடை அது. சாத்தனாரின் அகழியைப் போலவே நாற்றமில்லாதது. இறங்குகிறவன் அதிலும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் சுருங்கையைப் போடவில்லை.