ரசிகனை ஏளனம் செய்யலாமா?

சினிமாக் கொட்டகையில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். இருட்டில் உட்கார்ந்து கைதட்டும் ரசிகனை யார் பார்க்கிறார்கள்?

அவனையும் பார்க்க வேண்டும் என்று சிலர் கேமராவைத் திருப்பினார்கள். அப்படிப் பிறந்தவைதான் ரசிகர்களைப் பற்றிய டாக்குமெண்டரிப் படங்கள்.

டாக்குமெண்டரி என்றால் உண்மைப் படம். உண்மை மனிதர்கள், உண்மைச் சம்பவங்கள். நடிப்புக்கு அங்கே வேலை இல்லை.

தறி ஊரில் சூப்பர்மேன்!

மராட்டிய மாநிலத்தில், நாசிக் மாவட்டத்தில் மாலேகான் என்று ஓர் ஊர். விசைத்தறிக்குப் பேர்போன ஊர். வாரம் முழுவதும் தறிச் சத்தம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சினிமாதான் தொழிலாளர்களின் திருவிழா!

அங்கே வீடியோக் கொட்டகை நடத்தியவர் நசீர் ஷேக். 1975-ல் வெளிவந்த "ஷோலே" படத்தை, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்துக் கேலிப் படமாக எடுத்தார். ஊரே சிரித்து மகிழ்ந்தது.

பிறகு, அமெரிக்காவின் சூப்பர்மேனையே மாலேகானுக்கு அழைத்து வந்தார்! கதாநாயகன் யார்? ஒல்லியான ஒரு தறித் தொழிலாளி.

அந்தப் படம் உருவான கதையை, பைசா அகமது கான் என்ற பெண்மணி 2008-ல் டாக்குமெண்டரியாக எடுத்தார். பெயர், "சூப்பர்மென் ஆப் மாலேகான்".

சைக்கிள்தான் கேமராவைச் சுமக்கும் வண்டி. ஒருநாள் கேமரா தண்ணீரில் விழுந்துவிடுகிறது. நடுவில் சூப்பர்மேனுக்குக் கலியாணம், படப்பிடிப்பு நின்றுவிடுகிறது! பார்ப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் துளியும் ஏளனம் இராது.

2006-லும் 2008-லும் குண்டு வெடித்த ஊர் அது. வெளியூரில் பலரும் அறிந்தது அந்தச் செய்தியைத்தான். அங்கும் உழைப்பாளிகள் உண்டு, அவர்களுக்கும் கனவு உண்டு என்று காட்டியது இந்தப் படம். சூப்பர்மேனாகப் பறந்த அந்தத் தொழிலாளி பின்னர் புற்றுநோய்க்குப் பலியானார். அவருடைய சிரித்த முகம் படத்தில் இருக்கிறது.

பால் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டு ரசிகர்களும் இப்படிப் படமாகியிருக்கிறார்கள். ரஜினிகாந்த் ரசிகர்களைப் பற்றி ரிங்கு கல்சி எடுத்த டாக்குமெண்டரி, 2015-ல் இத்தாலியில் வெனிஸ் படவிழாவில் திரையிடப்பட்டது.

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைக் காட்டிச் சிரிக்க வைப்பது சுலபம். அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்தப் பாலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவன் வீட்டுக் குழந்தைக்குப் பால் இருந்ததா? அவன் என்ன வேலை செய்கிறான்? இவற்றையும் கேட்பவரே நல்ல படம் எடுப்பவர்.

ரசிகர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சினிமாவை நேசிப்பது குற்றம் அல்ல. மாலேகான்காரர்கள் அந்த ஆசையைக் கொண்டு ஊரைச் சிரிக்க வைத்தார்கள். ஆனால், மனைவியின் நகையை அடகு வைத்துப் பேனர் கட்டினால் அந்த வீட்டில் யார் சிரிப்பார்கள்?

இன்று வீட்டுக்கு வீடு செல்போன் கேமரா இருக்கிறது. கொட்டகை வாசலில் ஆடும் இளைஞனைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. கேமராவை நீட்டுமுன், "தம்பி, உன் பெயர் என்ன? என்ன தொழில்?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் கதை, அவனுடைய ஆட்டத்தைவிட நன்றாக இருக்கும்!