லூமன் எண்ணை நம்பி டார்ச் வாங்காதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கைப்பேசி விளக்கு போதாது. அது காலடியைக் காட்டும். ஐம்பது மீட்டரில் நிற்கும் யானையைக் காட்டாது. கேழ்வரகு விளையும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் எல்லை தாண்டி ஜவளகிரி, சானமாவு வரை வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். சட்டைப்பையில் அடங்கும் டார்ச் தேவை. ஆனால் அட்டைப்பெட்டியின் லூமன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது வீண். லூமன் மொத்த ஒளியின் அளவு; தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் குவியும் ஒளியின் செறிவு. டார்ச்சுகளை அளக்கும் எஃப்எல்-1 தரத்தில் 'எட்டும் தூரம்' என்பது ஒளி 0.25 லக்ஸாக, அதாவது நிலவொளி அளவுக்கு, தேயும் இடம். 200 மீட்டர் என்றால் அதில் பாதியை நம்பலாம்.

உள்ளங்கை அளவு விளக்கு 2,000 லூமனைச் சில நிமிடங்களே தாங்கும். சூடேறியதும் தானாக மங்கும். கழற்றி மாற்றக்கூடிய 18650 வகை லித்தியம்-அயன் பேட்டரியுடன், 300 லூமனை மூன்று மணி நேரம் தருவதே மேல். விலை கூடுதல்தான், ஆனால் பேட்டரி மாற்றிப் பல ஆண்டு ஓட்டலாம் என்பதால் கணக்கு சரியாகிவிடும். பளிச்சென்ற ஒளி யானையை மிரளச் செய்யாதா என்பது நியாயமான கேள்வி. முகத்தில் அடித்தால் மிரளும். தூரத்திலேயே பார்த்து, விளக்கைத் தாழ்த்தி, வந்த வழியே திரும்பத்தான் டார்ச். விரட்டுவது வனத்துறையின் வேலை.