சைக்கிளில் ஒரு சுற்று

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் மும்பைத் தமிழர் இல்லங்களில் ஊர்ப் பயணத்தைத் தவிர வேறு பேச்சில்லை. முன்னாளில் ஊருக்குச் சென்ற சிறுவர், மணிக்கு இத்தனை காசு என்று வாடகைக்குச் சைக்கிள் எடுத்துத் தெருத்தெருவாகச் சுற்றினர். இந்நாளில் செல்வோர்க்கு மாமன் மகனின் சைக்கிள் கிடைக்கிறது. எப்படியாயினும், ஆற்றங்கரையும் தேரடியும் அவர்கள் மனத்தில் பதிவது அதன்மேல் அமர்ந்தபோதுதான்.

காரணம் வெளிப்படை. பேருந்து நாம் விரும்பிய இடத்தில் நில்லாது. நடந்தாலோ கால் வலிக்கும். சைக்கிளோ விரைந்தும் செல்லும், நின்றும் பேசும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தினர் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது இதை உணர்ந்தே அன்றோ?

இவ்வாண்டு ரயில் சீட்டுக் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு சுற்று உண்டு. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாதுங்கா ஐந்து தோட்டங்களில் தொடங்குக. 1896-ல் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளைச் சீர்செய்ய 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாதுங்காப் பகுதிகளின் அகன்ற சாலைகள் அதன் திட்டத்தில் பிறந்தவையே. அங்கிருந்து, மகேஸ்வரி உத்யான் எனப் பெயர் மாறியும் நாம் கிங்ஸ் சர்க்கிள் என்றே அழைக்கும் வட்டத்தைச் சுற்றுக. 1963-ல் திறந்து, 1990-ல் தீக்கிரையாகி, மீண்டும் எழுந்த சண்முகானந்தா அரங்கையும் காட்டுக.

பெரும்பாலோர் இவ்விடத்திலேயே திரும்பிவிடுகின்றனர். இருப்புப்பாதைக்கு அப்பால் தாராவி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழியினர் பலர் அங்கு வாழ்கின்றனர். விடியற்காலையில் இட்லியும் வடையும் சட்னியும் சைக்கிளில் ஏற்றி, ஹாரன் ஒலித்து நம் தெருக்களுக்கு வருவோரும் தாராவித் தமிழரே. தாராவியின் சைக்கிள் நாள்தோறும் மாதுங்காவுக்கு வருகிறது. மாதுங்காவின் சைக்கிள் என்றேனும் தாராவிக்குச் சென்றதுண்டா?

நெடுந்தொலைவிலுள்ள தென்காசித் தெருக்களை அறிந்த பிள்ளை, அரைமணியில் எட்டக்கூடிய தமிழ்த் தெருவை அறியாதிருத்தல் வியப்பே. இடையில் நிற்பது தொலைவு அன்று. சாதியும் வசதியும் இட்ட கோடு. அக்கோட்டைப் பெரியோர் பேசி அழிக்க இயலவில்லை. சிறுவர் ஒருவரோடொருவர் பழகினால் தானே மங்கும். தாராவியை இடித்துப் புதிதாய்க் கட்டும் திட்டத்திற்கு 2022-ல் ஏலமும் முடிந்துவிட்டது. இன்றுள்ள சந்துகளை நாளை காண்பது அரிது.

ஒரு வேண்டுகோள். தாராவியை வேடிக்கை பார்க்கச் செல்லற்க. தெரிந்தவர் இல்லத்திற்குச் சொல்லிவிட்டுச் சென்று, தேநீர் அருந்தி, அவர்தம் பிள்ளைகளையும் ஐந்து தோட்டங்களுக்கு அழைத்து வருக. செம்பூர் அன்பர்கள் முதலில் சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழகிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் சிறுவரைத் தனியே விடற்க. பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டுச் செல்வதும் ஆகாது.

பிரேக்கையும் காற்றையும் சனி மாலையே பார்த்து வையுங்கள். ஜூன் பிறந்தால் மழை வந்துவிடும்.