ஆர்டர் வந்துவிட்டது, சரக்கு எங்கே?

கடைக்கென்று கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆர்டர், பில், ஸ்டாக் எல்லாவற்றையும் பார்த்துக் கொள்ள எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?" சாப்ட்வேருக்குப் பஞ்சமில்லை, பதில் சொல்வது எளிது. ஆனால் இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. முதல் கேள்வி, "நம் கடைக்கு வரும் ஆர்டர் யார் யார் கையில் போய் முடிகிறது?" என்பதுதான். இதற்குப் பதில் தெரியாமல் சாப்ட்வேர் வாங்கினால், நோட்டில் இருந்த குழப்பம் மானிட்டருக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பெரியவர்களும் தடுமாறினார்கள்

சிறிய கடைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் புகழ் பெற்ற ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம், 1999ல் சுமார் 11 கோடி டாலர் செலவில் தன் ஆர்டர் மற்றும் கிடங்குப் பணிகளைப் புதிய சாப்ட்வேர்களுக்கு மாற்றியது. எஸ்.ஏ.பி. உட்பட மூன்று நிறுவனங்களின் சாப்ட்வேர்கள் அதில் இருந்தன. நான்கு ஆண்டுகள் தேவை என்று சொல்லப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டுகளில் முடித்தார்கள். ஜூலையில் புதிய முறை ஓடத் தொடங்கியது. அக்டோபர் இறுதியில் ஹாலோவீன் பண்டிகை. சாக்லேட் விற்பனையின் உச்ச காலம் அதுதான்.

விளைவு? சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், சாக்லேட் கையிருப்பில் இருந்தது. சீசன் நேரத்தில் கிடங்கு நிறைந்தால், கிடைத்த இடத்தில் சரக்கை அடுக்கி வைப்பது அங்கே வழக்கம். இது ஊழியர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சுட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் ஊர்க் கடையில் மச்சில் கிடக்கும் பத்துக் கட்டுகளும் இதே கதைதான்.

கடையநல்லூர்க் கணக்கு

கடையநல்லூரில் ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக் கொள்வோம். இந்த ஊரிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் ஏராளம். ஆகவே ஆர்டர் தருபவர் ஒருவர், பணம் அனுப்புபவர் இன்னொருவர், சரக்கைப் பெற்றுக் கொள்பவர் மூன்றாமவர் என்பது இங்கே அன்றாட நடைமுறை. சவூதியில் இருப்பவர் இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் சேலைப் படத்தை அனுப்பி "இது வேண்டும்" என்கிறார். நமக்கு அப்போது இரவு 11.30. கடை பூட்டியாகிவிட்டது. மறுநாள் காலை கடைப் பையன் அதே சேலையை நேரில் வந்தவருக்கு விற்றுவிடுகிறான். மதியம் முதலாளி செல்போனைப் பார்த்து, "அனுப்பி விடுகிறேன்" என்று பதில் போடுகிறார். இப்போது ஒரு சேலைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்!

இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஆர்டர் செல்போனில் இருக்கிறது; ஸ்டாக் பையனின் நினைவில் இருக்கிறது; வரவு வங்கிக் கணக்கில் இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. "இத்தனை வருடம் நினைவிலேயே நடத்தினோமே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த நினைவுக்குச் சொந்தக்காரர் ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்துவிட்டால், கடை யாரைக் கேட்கும்? பெருநாளைக்கு முதல் நாள் வந்து சேராத துணிக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். போன நம்பிக்கையைத் திருப்பித் தர முடியாது. சிறிய ஊரில் இந்தச் செய்தி அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

பக்கத்திலேயே பாடம்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011லிருந்து இயங்கி வருகிறது. 2016ல் வெளியான 'ஜோஹோ டெஸ்க்' என்ற வாடிக்கையாளர் சேவை சாப்ட்வேர் பெரும்பாலும் இங்கேதான் உருவானது. உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. இமெயில், போன், சாட் என எந்த வழியில் கேள்வி வந்தாலும் ஒரே இடத்தில் சேர்ப்பது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருவது, அது யார் பொறுப்பு என்று குறிப்பது, முடியும்வரை விடாமல் காட்டுவது ஆகியவை அதன் அடிப்படை. இந்த நான்கையும் கடைப்பிடிக்க எந்த சாப்ட்வேரும் வாங்கத் தேவையில்லை. கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

ஒரு ஷீட்டைத் திறந்து ஆர்டர் எண், தேதி, ஆர்டர் தந்தவர் போன் எண், பெறுபவர் போன் எண், முகவரி, பொருள், தொகை, பணம் வந்ததா, பொறுப்பாளர், அனுப்பிய தேதி என்று பத்துப் பத்திகள் அமைத்திடுங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம். மைதீன்களும் மாரியப்பன்களும் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊர் இது. போன் எண்தான் சரியான அடையாளம். எண்களை டைப் செய்யும் முன் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டெக்ஸ்ட் என மாற்றுங்கள். இல்லையேல் எண்ணுக்கு முன்னால் உள்ள பூஜ்யமும், வெளிநாட்டு எண்களின் கூட்டல் குறியும் காணாமல் போகும்.

"அனுப்புகிறேன்" என்று பதில் போடும் முன், சரக்கை எடுத்துத் தனியே வைத்து, ஆர்டர் எண்ணை எழுதி ஒட்டுங்கள். மச்சில் இருப்பது, கடன் தந்தது, உடன்பிறந்தவர் கடைக்கு மாற்றியது என எல்லாம் கணக்கில் ஏறட்டும். முதல் ஒரு மாதம் பழைய நோட்டும் கூடவே ஓடட்டும். இரண்டும் எங்கே வேறுபடுகிறது என்று வாரம் ஒரு முறை பாருங்கள். உங்கள் கடையின் ஓட்டை எங்கே என்பதை அந்த வேறுபாடே காட்டிக் கொடுத்துவிடும். பைலை பென் டிரைவில் தினமும் நகல் எடுக்கவும் மறக்க வேண்டாம்.

எப்போது மாறலாம்?

ரம்ஜானுக்கோ தீபாவளிக்கோ ஒரு மாதம் இருக்கும்போது புதிய முறைக்கு மாறாதீர்கள். ஹெர்ஷி செய்தது அதைத்தான். வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதமே கற்றுக் கொள்ள ஏற்றது. மூன்று மாதம் இந்த ஷீட் தடையின்றி ஓடி, ஆர்டர்கள் பெருகி, ஒரே ஷீட்டில் இருவர் எழுத முடியாமல் திணறும் நாள் வந்தால், அன்று சாப்ட்வேர் கடைக்குச் செல்லுங்கள். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். விற்பவர் காட்டும் பளபளப்பான மெனுக்களில் மயங்க மாட்டீர்கள். அதுவரை அந்தப் பணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.