தேக்கடிக்குத் தெப்பமே போதும்

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். மேல்தளத்துக் கூட்டம் ஒரே பக்கம் ஒதுங்கினால் உயரமான படகு தாங்காது. அதே ஏரியில் மூங்கில் தெப்பங்களும் ஓடுகின்றன. கடற்கரைப் பந்தயங்களில் பாயும் இரட்டை மிதவைப் பாய்மரப் படகுகளைப் போல இவற்றுக்கும் அகலம்தான் பலம். நீளமான மூங்கில்களை நெருக்கிக் கட்டி, மேலே இருக்கை போட்டிருக்கிறார்கள். சுற்றுலா இங்கே பிழைப்பும் தருகிறது: ஒருகாலத்தில் காட்டு லவங்கப்பட்டையை உரித்துக் கடத்தியவர்களே பின்னாளில் வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினார்கள். தெப்பத்தில் இன்ஜின் இரைச்சல் இல்லை, டீசல் நாற்றம் இல்லை. ஏரி இருக்கும் புலிகள் காப்பகத்துக்குள் மோட்டார் படகுகளைக் குறைத்துத் தெப்பங்களைக் கூட்டுங்கள். காட்டுக்கும் நல்லது, பயணிகள் உயிருக்கும் நல்லது, பக்கத்து ஊரான குமுளிக்காரர்கள் பிழைப்புக்கும் நல்லது.