ஆமைக்கும் ஒரு புகலிடம்



பார்சிப்பனியில் இருந்து 287ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் ஒரு பெரிய சதுப்பு நிலம் வரும். கிரேட் சுவாம்ப் என்று பெயர். சில குடும்பங்களாகச் சேர்ந்து அங்கே போயிருந்தோம். வாசலில் இருந்த பலகையை எங்கள் பிள்ளைகளில் ஒன்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இதிலையும் ரெபியூஜ் எண்டு கிடக்கு. இஞ்சையும் எங்களை மாதிரி ஆக்களே இருக்கினம்?" என்று கேட்டது. பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் பிள்ளை கேட்டதில் பிழையில்லை. அந்த இடத்தின் முழுப்பெயர் தேசிய வனவிலங்குப் புகலிடம். நாம் பத்திரங்களில் எழுதி எழுதிக் கை சலித்த அதே சொல்தான்.

இந்தப் புகலிடம் எப்படி வந்தது என்பதே இம்மாதம் நாம் சொல்ல வந்த விடயம்.

1959 டிசம்பரில் ஒரு செய்தி வெளியானது. நியூயோர்க் துறைமுக அதிகாரசபை அந்தச் சதுப்பு நிலத்தில் பெரிய ஜெட் விமான நிலையம் ஒன்றைக் கட்ட விரும்புகிறது. அதற்குச் சுமார் 10,000 ஏக்கர் வேண்டும் என்பதே செய்தி. சதுப்பை நிரப்பினால் அதோடு சுற்றியுள்ள வீடுகளும் தோட்டங்களும் போய்விடும்.

அயலில் இருந்த மக்கள் பதறிப்போனார்கள். ஆனால் பதறியதோடு நிற்கவில்லை. ஹெலன் பென்ஸ்கி என்ற குடும்பப் பெண்ணின் வீடே அவர்களுக்கு அலுவலகமாயிற்று. ஒரு குழுவை அமைத்தார்கள். கடிதம் எழுதினார்கள், கூட்டம் கூட்டினார்கள், பணம் சேர்த்தார்கள். மார்செலஸ் ஹார்ட்லி டொட்ஜ் போன்ற வசதி படைத்தவர்களும் கொடுத்தார்கள், சாதாரண மக்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அதைக்கொண்டு கிட்டத்தட்ட 3,000 ஏக்கர் காணியை வாங்கி, மத்திய அரசுக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள்! மத்திய அரசின் வனவிலங்குக் காணியாகிவிட்டால் அதில் கைவைப்பது எவருக்கும் இலகுவல்ல. 1960 நவம்பரில் அது புகலிடமாக அறிவிக்கப்பட்டது. விமான நிலையப் பேச்சு அதன் பிறகும் சில வருடங்கள் ஓயவில்லை. 1968இல் அதன் ஒரு பகுதியை மனிதர் மாற்றக்கூடாத காட்டுநிலமாகச் சட்டமே காத்தது. இன்று புகலிடத்தின் பரப்பு 7,000 ஏக்கருக்கும் மேல். பார்வையாளர் நிலையத்துக்கு ஹெலன் பென்ஸ்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சதுப்பு என்றால் வீண் நிலம் என்று நினைப்பவர்கள் உண்டு. பனியுகத்தின் முடிவில் பனிப்பாறை உருகித் தேங்கிய பெரிய ஏரியொன்றின் மிச்சம் இது. பெருமழை பெய்தால் நீரைத் தன்னிடம் தேக்கி வைத்து, மெல்ல மெல்லப் பசாயிக் ஆற்றில் விடுகிறது. 240க்கும் மேற்பட்ட இனப் பறவைகளை இங்கே கண்டிருக்கிறார்கள். அருகிவரும் சேற்று ஆமையும் இங்கே வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஆமை அது. ஆராய்ச்சியாளர்கள் ஆமைகளின் ஓட்டில் சிறிய வானொலிக் கருவியை ஒட்டி, எங்கே முட்டையிடுகின்றன, எங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று பின்தொடர்ந்து பார்க்கிறார்கள். ஒரு ஆமையின் இருப்பிடத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடு!

இந்தக் கதையை நாம் சொல்லக் கேட்டுக்கொண்டு எங்களோடு ஒரு அம்மா மரப்பாதையில் நடந்து வந்தார். வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்கட வீடும் பலாலி விமான நிலையத்துக்குக் கிட்டத்தான் தம்பி. எங்களை ஆர் கேட்டவை? உடுத்த உடுப்போட வெளிக்கிட்டம்" என்றார்.

அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. 1990இல் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் ஒரு பகுதி பின்னர் விடப்பட்டது. இன்றுவரை தங்கள் காணியை மிதிக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்த நியூ ஜேர்சி மண்ணிலும் பழைய குடிகளான லெனாப்பே மக்களை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆகவே கேட்கப்படுவது என்பது சிறிய விடயமல்ல. நம்மில் பலர் "இது எங்கட இடமில்லை, நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கி இருக்கிறோம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். குடியுரிமை இருந்தால்தான் பேசலாம் என்றில்லை. பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசலாம். மரம் வெட்டுவது பற்றியோ, வெள்ளம் பற்றியோ, பிள்ளைகள் விளையாடும் திடல் பற்றியோ கேட்கலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. முதலில் சும்மா போய் இருந்து கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு ஞாயிறு கிரேட் சுவாம்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நீண்ட காற்சட்டை அணியுங்கள். வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். உண்ணிக் கடியால் லைம் நோய் வரும். மரப்பாதையை விட்டு இறங்க வேண்டாம். பூவையோ இலையையோ பறிக்க வேண்டாம். அவை அங்கே அடைக்கலம் புகுந்தவை. அந்த அருமை நமக்குத் தெரியாதா?